பக்கத்துப் பாத்தி

14

போன வாரம் கண்ணாடியம்மாவின் நாத்தனார் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். "சனிக்கிழமை ராத்திரி சாப்பிட வரேன் அண்ணி." சொன்னவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டவளுக்கோ, கையில் பிடித்திருந்த வாளி நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்ததே தெரியவில்லை.

சாப்பிட வருகிறேன் என்பது தினம் யாராவது யாரிடமாவது சொல்கிற பேச்சுதான். ஆனால் இவள் இரண்டு வருடமாக அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்காதவள்.

அது எதனால் என்று மறந்தவர்களுக்காக ஒரு வரி. நாத்தனார் பித்தப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உதவி செய்கிறேன் பேர்வழி என்று கண்ணாடியம்மா அவள் வீட்டுச் சமையலறையைச் சுத்தம் செய்யப் போனாள். சுத்தம் என்றால் நம் கண்ணாடியம்மாவுக்கு ஒரு வெறி. மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி என்று மூட்டை கட்டி வெளியே தள்ளினாள். அதோடு பிடி உடைந்த ஒரு கரண்டியும் போயிற்று. அது நாத்தனாரின் அம்மா கடைசி வரை புழங்கிய கரண்டி. அன்றோடு பேச்சு நின்றது. கண்ணாடியம்மாவின் கணவரும் தங்கையும் மட்டும் அவருடைய சாவிக்கடையில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படி இருந்தவள்தான் ஒரு மாதம் முன்பு தோட்டக் குழுவில் வந்து சேர்ந்தாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் கண்ணாடியம்மாவுக்கு இடது பக்கத்துப் பாத்தியே அவளுக்கு விழுந்தது. "வாங்க", "போங்க" என்று தொடங்கி, போன வாரம் சாப்பாடு வரைக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் சாவிக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு லீவு விட்டுவிட்டு, நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்குத் தூசி ஆகாது" என்றார்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவள் ஒரு அதட்டல் போட்டால் எதிரே வருகிற லாரியே ஓரம் கட்டும். ஆனால் அண்ணனுக்கு அவள் என்றும் பாப்பாதான்.

"இறங்குங்க முதல்ல. விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா அவ சாப்பிட வரமாட்டா, உங்களை ஆஸ்பத்திரியிலதான் வந்து பார்ப்பா."

"எங்க வந்தா என்ன, வந்தா சரி" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியம்மா தோட்டத்துக்குக் கிளம்பினாள்.

தோட்டம் என்றால் பெரிய சோலை ஒன்றும் இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், ஒரு காலத்தில் கார் நிறுத்தின இடம். கம்பி வேலி, பலகை வைத்து அடைத்த பாத்திகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு குழாய். மண்வெட்டி, கூடை போட்டு வைக்கிற கொட்டகைக்குக் கதவாக ஒரு பழைய லிஃப்டின் இரும்புக் கதவு. அது குழுவின் காரியதரிசியான லிஃப்ட்காரர் கொண்டுவந்தது. முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர்.

அந்தக் குழுவுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. சனிக்கிழமைகளில் யாரும் தன் பாத்தியில் கை வைக்கக் கூடாது. இடது பக்கத்துப் பாத்தியைத்தான் கவனிக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதோ, களை எடுப்பதோ, கொம்பு நடுவதோ, உங்கள் இஷ்டம். சாயங்காலம் டீ குடிக்கும்போது, பக்கத்துப் பாத்தியில் என்ன செய்தோம் என்று அதன் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்து வாயால் சொல்லிவிட வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு வாளித் தண்ணீருக்காகக் குடுமிப்பிடி சண்டை நடந்த இடம் அது. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான், அடுத்தவன் தக்காளி பழுத்தாலும் சந்தோஷப்படலாம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

நாத்தனாருக்குக் காலையில் டிரைவிங் வகுப்பு. மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள். அதற்குள் அவள் பாத்தியை ஜம்மென்று ஆக்கிவிட வேண்டும் என்று கண்ணாடியம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

என்ன விதை போட்டிருக்கிறாள் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "வந்தா பாருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள் நாத்தனார். இப்போது பாத்தியில் பார்த்தால் பச்சையாகப் பொடிப்பொடியாக ஏதோ மண்டிக் கிடந்தது. போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை போலிருக்கிறது, களை மட்டும் வந்துவிட்டது, பாவம், முதல் தடவை அல்லவா என்று பரிதாபப்பட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து, ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கிப் போட்டாள். பாத்தி கண்ணாடித் துண்டு மாதிரி சுத்தமாயிற்று. அவளுக்கு ஒரே பெருமை.

இடது கைப் பக்கம் பேக்கரி அக்கா வந்து நின்றாள். நாத்தனாருக்கு அந்தப் பக்கத்துப் பாத்திக்காரி. காலையில் ரொட்டி அடுப்பை அணைத்துவிட்டு நேராக இங்கேதான் வருவாள். புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். கண்ணாடியம்மாவுக்கு உயிர்த் தோழி.

"என்னடி பண்ணி வச்சிருக்க?"

"களை எடுத்தேன் அக்கா. பாருங்க, எப்படி இருக்கு."

"கேரட்டை எல்லாம் பிடுங்கிட்டு களை எடுத்தேன்னு வேற சொல்ற."

கண்ணாடியம்மா சிரித்தாள். பேக்கரி அக்கா சிரிக்கவில்லை. குவியலில் இருந்து ஒரு பிடி எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "கண்ணாடியைப் போட்டுப் பாரு."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணாடியம்மா என்று அவளுக்குப் பெயர் வந்தது அவள் கண்ணாடி போட்டதனால் அல்ல. கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் "இந்த பிரேம் உங்க முகத்துக்கு அப்படியே பொருந்துது" என்று சொல்லி மாட்டி அனுப்புகிறவள். தனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடி மட்டும் எப்போதும் பையிலேயே இருக்கும். போட்டால் வயசான மாதிரி தெரிகிறதாம்.

பையைத் துழாவி எடுத்து மாட்டினாள். பார்த்தாள்.

பறவை இறகு மாதிரி சின்னச் சின்ன இலைகள். அடியில் நூல் போல வெளிறிய வேர். பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். பிடுங்கிய பள்ளங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வரிசை வரிசையாகத் தெரிந்தன.

"களை எங்கயாவது வரிசையா முளைக்குமா?" என்றாள் பேக்கரி அக்கா.

மறுபடியும் அதே கதை. மறுபடியும் நாத்தனாரின் பொருளைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் இன்றைக்குத்தானா, ராத்திரி அவள் சாப்பிட வருகிற இன்றைக்கு.

"அக்கா, அவ நம்பவே மாட்டா. வேணும்னே பண்ணேன்னுதான் நினைப்பா."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க" என்றாள் பேக்கரி அக்கா. ஆறுதல் சொல்வதில் அவள் எப்போதுமே கொஞ்சம் மோசம்.

"திரும்ப நட்டுடலாமா?"

அதற்குள் லிஃப்ட்காரரும் வந்துவிட்டார். ஒரு நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர், ரிப்பேர் ஆகாத மோட்டாரைப் பார்த்த மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"கத்தரி, தக்காளின்னா பிடுங்கி நடலாம். கேரட் விழுந்த இடத்துலயே வளரணும். எடுத்து நட்டா, பிழைச்சாலும் வேர் ரெண்டாப் பிரிஞ்சு கால்சட்டை போட்ட மாதிரி வெளிய வரும். அன்னைக்கு உங்க குட்டு உடைஞ்சிடும் கண்ணாடியம்மா."

"அப்ப என்னதான் பண்றது?"

மூன்று பேரும் தலையோடு தலை வைத்துக்கொண்டு நின்றார்கள். பேக்கரி அக்காவுக்குத்தான் முதலில் தோன்றியது.

"நத்தை."

"என்ன நத்தை?"

"ராத்திரி நத்தை வந்து தின்னுடுச்சுன்னு சொல்லிடலாம். போன மழைக்கு என் கோஸ் எல்லாம் சல்லடையாப் போச்சு, ஞாபகம் இல்ல? நத்தை மேல பழி போட்டா அது வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் தயங்கினார். வழக்கத்தை ஏற்படுத்தினவரே அவர்தானே. ஆனால் கண்ணாடியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. "குடும்ப விஷயம்னா கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பிடுங்கிய நாற்றைத் தன் கையாலேயே கூடையில் அள்ளி உரக்குழியில் கொண்டுபோய்க் கொட்டினார்.

கண்ணாடியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கள்ளத்தனமாக ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், சாவிக்கடைக்காரர் சமையலறையில் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். தோலோடு பாதிக் கிழங்கும் போய்க்கொண்டிருந்தது.

"கொடுங்க இங்க" என்று கத்தியை வாங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாதேன்னு பாப்பா சொல்லியிருந்தா. இருந்தாலும் இன்னைக்குச் சொன்னா பரவாயில்ல."

"என்ன?"

"தோட்டத்துல சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க இல்ல? அது சும்மா கண்துடைப்பு. அந்தப் பாத்தி வேணும்னு அவளே லிஃப்ட்காரர்கிட்ட முன்னாடியே போய்க் கேட்டிருக்கா. அண்ணி பக்கத்துல கொடுத்தா சேர்றேன், இல்லாட்டி வேணாம்னாளாம்."

சீட்டுக் குலுக்கலை நாமும்தான் நம்பினோம். லிஃப்ட்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

கண்ணாடியம்மாவின் கை கத்தியோடு அப்படியே நின்றது. "என் பக்கத்துலயா? எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டா, 'உனக்கு அதெல்லாம் புரியாது, நீ சாவியை ராவு'ங்கறா."

அவர் போய் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த மேஜை. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். கண்ணாடியம்மா உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே அழுதாள். வெங்காயம் கூட இல்லை, அதனால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லை. வேண்டும் என்று கேட்டு வாங்கிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுக்கு நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறுத்தியது. அதைவிட, நத்தை என்று பேச்சு வந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றது இன்னும் உறுத்தியது.

சாயங்காலம் அவள் போய்ச் சேருவதற்குள் நாத்தனார் வந்து பாத்தியைப் பார்த்தாயிற்று.

கொட்டகை முன்னால் பெஞ்சுகளில் எல்லோரும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். பேக்கரி அக்கா கொண்டுவந்த பன் சுற்றிக்கொண்டிருந்தது. நாத்தனார் மட்டும் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு மனசு சரியில்லாவிட்டால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டுப் போட்டு வந்த பழக்கம். இப்போது அந்தக் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

வழக்கப்படி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருவர், "உங்க பீன்ஸுக்குக் கயிறு கட்டினேன்" என்றார். இன்னொருவர், "உங்க மிளகாய்க்குத் தண்ணி ஊத்த மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றார். கண்ணாடியம்மாவின் முறை நெருங்கிவிட்டது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பேக்கரி அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த நத்தை சனியனை என்னதான் பண்றதோ தெரியல. பாவம், உன் பாத்தியில ஒண்ணைக்கூட விட்டு வைக்கல."

"நத்தையா?" என்றாள் நாத்தனார்.

"பெரிசு பெரிசா" என்று லிஃப்ட்காரர் கைவிரலால் அளவு காட்டினார். அவர் காட்டிய அளவுக்கு நத்தை இருந்தால் அதைக் கயிறு போட்டுத்தான் பிடிக்க வேண்டும். "ராத்திரியோட ராத்திரியா வந்து மொத்தமா முடிச்சிட்டுப் போயிடுச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

"தண்டு, வேரு எல்லாமா தின்னுச்சு?"

"நத்தைக்கு என்னம்மா, பசி வந்தா..." லிஃப்ட்காரர் பன்னை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

நாத்தனார் கண்ணாடியம்மாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. என்ன சொல்லப் போகிறாய் என்று காத்திருக்கிற பார்வை. அந்தப் பார்வையைக் கண்ணாடியம்மாவால் தாங்க முடியவில்லை.

"நத்தை இல்ல" என்று எழுந்து நின்றாள். "நான்தான். களைன்னு நினைச்சு நான்தான் பிடுங்கினேன். எல்லாத்தையும் பிடுங்கினேன், ஒண்ணைக்கூட விடல. பாத்தி சுத்தமா இருக்குன்னு பெருமை வேற பட்டுக்கிட்டேன். அக்காவும் லிஃப்ட்காரரும் எனக்காகத்தான் பொய் சொன்னாங்க. அவங்களைத் தப்பா நினைக்காதே. காலையிலேயே உனக்கு போன் பண்ணியிருக்கணும். பயந்துட்டேன்."

லிஃப்ட்காரர் பன்னை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

"கண்ணாடி எங்க இருந்துச்சு?" என்றாள் நாத்தனார்.

"பையில."

நாத்தனார் திரும்பித் தன் பாத்தியை நோக்கி நடந்தாள். போகட்டும், விடு என்று பேக்கரி அக்கா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடியம்மா அதை உதறிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

நாத்தனார் பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து, அந்தப் பள்ளங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் வகுப்புக்குப் போறதுக்கு முன்னாடி வந்து பார்ப்பேன் அண்ணி. ரெண்டு வாரம் ஒண்ணுமே வரல. விதை செத்துப் போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஒருநாள் பார்த்தா கோடு கோடா பச்சை. டிரைவிங் ஸ்கூல் திறந்தப்பகூட நான் அப்படிக் குதிக்கல."

"என்னைத் திட்டிடு. நல்லா நாலு வார்த்தை திட்டிடு. ஆனா ராத்திரி சாப்பிட வராம இருந்துடாதே. அவர் காலையிலேர்ந்து வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டு இருக்காரு. எனக்காக வேணாம், உங்க அண்ணனுக்காக வா."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"கரண்டி போனதுக்காகவா நான் ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன்னு நினைச்சீங்க?"

கண்ணாடியம்மாவுக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கரண்டியைக் காணோம்னு நான் வயித்துத் தையலோட தேடினேன். உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க தெரியுமா? 'எந்தக் கரண்டி?'ன்னு கேட்டீங்க. ஒண்ணுமே தெரியாத மாதிரி. அக்கம்பக்கத்துல விசாரிக்கறேன்னு வேற சொன்னீங்க. அப்புறம் குப்பை எடுக்கறவர்தான் சொன்னாரு, அந்த அம்மா கொடுத்த மூட்டையில இருந்துச்சுன்னு. தூக்கிப் போட்டுட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, ஒரு மூச்சு கத்திட்டு மறுநாளே உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்திருப்பேன்."

இது கண்ணாடியம்மாவுக்கு இரண்டு வருடமாகத் தெரியாத விஷயம். கரண்டிக்காகத்தான் என்றே நினைத்து, அதே மாதிரி கரண்டிக்காக ஊரில் உள்ள பாத்திரக் கடையெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். தன் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வார்த்தை அவளுக்கு நினைவிலேயே இல்லை. முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னைக்கும் நத்தைன்னு சொல்ல விட்டிருந்தீங்கன்னா, அப்படியே நடந்து போயிருப்பேன்" என்றாள் நாத்தனார். "வண்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டுதான் நின்னேன்."

கண்ணாடியம்மா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். புடவை அழுக்காவதைப் பற்றி அவள் யோசிக்காதது அபூர்வம். "எனக்குத் தெரியலம்மா" என்று மட்டும் சொன்னாள். நாத்தனார் அவள் தோளில் ஒரு இடி இடித்தாள். அந்த இடியில் கோபம் பாதி, பிரியம் பாதி இருந்தது.

"பாக்கெட்ல இன்னும் பாதி விதை இருக்கு. கண்ணாடியை மாட்டுங்க. இருட்டறதுக்குள்ள போட்டுடலாம்."

இரண்டு பேரும் மண்ணைக் கிளறிப் பொடியாக்கினார்கள். நாத்தனார் விதையை மணலோடு கலந்தாள். அப்படிக் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது என்று அவளே சொன்னாள். கண்ணாடியம்மா குச்சியால் கோடு இழுத்தாள். கோடு கோணலாகப் போனபோது, "லெஃப்ட்ல எடுங்க, லெஃப்ட்ல, மெதுவா" என்று டிரைவிங் ஸ்கூல் குரல் வந்தது.

"சனிக்கிழமை சொந்தப் பாத்தியில கை வைக்கக் கூடாதும்மா" என்று லிஃப்ட்காரர் தூரத்திலிருந்தே நினைவுபடுத்தினார்.

"நீங்க பேசாதீங்க சார். கேரட் தின்ன நத்தையைக் கண்ணால பார்த்தவரு நீங்க" என்றாள் நாத்தனார்.

பெஞ்சுகளில் எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பூவாளியில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பேக்கரி அக்கா ஒரு பழைய சாக்கை நனைத்து எடுத்துவந்து விதைகளின் மேல் விரித்தாள். "இந்தத் தடவை சாக்கு மேலயே எழுதி வச்சிடு, இது கேரட்டுன்னு" என்றாள்.

கண்ணாடியம்மாவுக்கு மனசு லேசாகிவிட்டது. இந்த ஆட்கள் தனக்காகப் பொய் சொல்லவும் வருவார்கள், பொய் உடைந்தால் தண்ணீர் பிடித்துத் தரவும் வருவார்கள் என்று நினைத்தபோது அந்த அழுக்குப் பெஞ்சு, ஒழுகுகிற குழாய் எல்லாமே பிடித்துப் போயிற்று.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே கிளம்பினார்கள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. பேக்கரி அக்கா கொடுத்த பன் பொட்டலம் நாத்தனார் கையில் இருந்தது.

"ஏன் என் பக்கத்துப் பாத்தியைக் கேட்டு வாங்கின?" என்றாள் கண்ணாடியம்மா. "உங்க அண்ணன் சொல்லிட்டாரு. அவரைத் திட்டாதே."

"அவனுக்கு வாய் நிக்காதே." நாத்தனார் பன் பொட்டலத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒரு விஷயம் சொல்லணும். நாலைஞ்சு வாரமா சொல்லணும்னு பார்த்தேன். நீங்க எப்படிப்பட்டவங்கன்னு இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"பார்த்தாச்சா?"

"இன்னைக்குப் பார்த்துட்டேன்."

"சொல்லு."

"என்கிட்ட ஒருத்தர் டிரைவிங் கத்துக்கறாரு. டெஸ்ட்ல தொடர்ந்து ஃபெயில் ஆயிட்டே இருக்காரு. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் கரெக்டா சுவத்துல இடிப்பாரு. வேணும்னே இடிக்கறாருன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. லைசென்ஸ் வந்துட்டா வகுப்பு முடிஞ்சுடும் இல்ல." நாற்பத்தாறு வயதுக்காரி தெருவிளக்கு வெளிச்சத்தில் வெட்கப்பட்டாள். "இன்னைக்கு அவரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன் அண்ணி."

கண்ணாடியம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். தனியாகவே இருந்துவிடுகிறேன் என்று வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்தவள். "யாரு? எனக்குத் தெரிஞ்சவரா?"

"உங்களைவிட அண்ணனுக்கு நல்லாத் தெரியும். அதான் பயமே." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணன் கடைக்கு எதிர்ல பூட்டுக்கடை வச்சிருக்காரு இல்ல, அவருதான்."

எதிர்க்கடைக்காரர் கடை திறந்த நாளிலிருந்து, அந்தத் திசையைப் பார்த்துக் கொட்டாவி கூட விடாதவர் அவள் கணவர். அவர் போர்டு பெரிதாக வைத்தால் இவர் அதைவிடப் பெரிதாக வைப்பார். வீட்டில் அந்தக் கடைப் பேச்சு எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டு நகர்ந்துவிடும்.

"அண்ணனைப் பார்க்கக் கடைக்குப் போறப்பதான் அவரோட பழக்கம்" என்றாள் நாத்தனார். "நீங்கதான் அண்ணன்கிட்ட சொல்லணும். நான் சொன்னா எழுந்து போயிடுவான்."

"நான் சொன்னா மட்டும் உட்கார்ந்திருப்பாரா?"

"உட்கார்ந்து முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் எழுந்து போவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடியம்மாவின் போன் அடித்தது. சாவிக்கடைக்காரர்தான். குரலைப் பாதியாக அடக்கிக்கொண்டு பேசினார்.

"எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்? சீக்கிரம் வாங்க. அந்த எதிர்க்கடை ஆளு நம்ம வாசல்ல வந்து நிக்கறான். புதுச் சட்டை போட்டுக்கிட்டு, கையில பழக்கூடை வேற. என்ன வேணும்னு கேட்டா பல்லைக் காட்டறான், வாயைத் திறக்க மாட்டேங்கறான். கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

போனின் சத்தம் நாத்தனாருக்கும் கேட்டது. அவள் கண்ணாடியம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

எந்தக் கரண்டி என்று கேட்பது போல, யாருன்னு தெரியலையே, வந்து பார்க்கறேன் என்று சொல்லிவிடலாம். வீடு வந்து சேரும் வரையாவது நிம்மதி. கண்ணாடியம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கதவைத் திறந்து உள்ள கூப்பிட்டு உட்கார வைங்க" என்றாள். "அவர் பாப்பாவுக்கு வேண்டியவரு."